அத்தையின் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டிப் பாருங்கள்

கேள்வி: நான் திருச்சிப் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். அத்தைக்கு 67 வயது. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் உண்டு, மொத்தம் ஏழு வகை மாத்திரை. கிளினிக்கில் கொடுப்பதை மாதாமாதம் வாங்கி வந்துவிடுகிறார், ஆனால் சாப்பிடுவது அவர் இஷ்டத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை விடுகிறார். புரட்டாசியில் பாதியை நிறுத்திவிட்டார். போன மாதம் ஒரு மாத்திரை நிறம் மாறி வந்ததும் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டு, கால் வீங்கி, தலைசுற்றிக் கிடந்தார். டாக்டர் கேட்டால் "எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்கிறார். மருந்துக்கடையில் பொட்டலத்தை நீட்டுவதோடு சரி. மருந்தாளுநரால் இதில் ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, பேசாமல் நானே பொடித்துச் சாம்பாரில் கலந்துவிடலாமா?

பதில்:

முதலில் அந்தச் சாம்பாரை எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம். சில மாத்திரைகள் நாள் முழுக்க மெதுவாகக் கரைகிற மாதிரி செய்யப்பட்டவை, அவற்றைப் பொடித்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கும். அது போக, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அத்தைக்குத் தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் போடுகிற காபியைக்கூட அவர் நம்பிக் குடிக்க மாட்டார். மருந்து சாப்பிடாத மாமியாரைச் சமாளிக்கலாம், மருமகள் கையால் சாப்பிடாத மாமியாரைச் சமாளிக்க என்னிடம் மருந்து கிடையாது.

இரண்டாவது, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நாளையிலிருந்து ஏழையும் எண்ணி எண்ணிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தால், அதற்கு முன்னால் மருந்தாளுநர்களான எங்கள் யாரிடமாவது வாருங்கள். ஏன் என்றால், அத்தை பாதி மாத்திரையை விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போகிறார், அங்கே பிரஷர் ஏறியிருக்கிறது, "ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்று அவர் சொன்னதை நம்பி டாக்டர் அளவைக் கூட்டுகிறார் அல்லது இன்னொன்றைச் சேர்க்கிறார், அடுத்த முறையும் இதே கதை. ஏழு என்ற எண்ணிக்கை இப்படி ஏறி வந்ததாகக்கூட இருக்கலாம். அவர் நிஜமாகவே ஏழையும் ஒரே நாளில் சாப்பிட ஆரம்பித்தால் பிரஷரும் சுகரும் சரசரவென்று இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் படுத்தவுடன் நர்ஸ் எல்லாவற்றையும் நேரத்துக்குக் கொடுக்க, மறுநாள் காலை எழுந்து நின்றதும் மயங்கி விழுகிற வயசானவர்கள் உண்டு, அது இதே விவகாரம்தான். அதனால் இந்த வாரம் செய்ய வேண்டியது, அவர் நிஜத்தில் எதைச் சாப்பிடுகிறார், எதை விடுகிறார் என்று கண்டுபிடிப்பது. திருத்துவது அப்புறம். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

சரி, அவர் ஏன் விடுகிறார்? மறதி என்று எழுதவில்லை நீங்கள், அது எனக்குப் பிடித்தது. மறதி ஒரு காரணம்தான், ஆனால் என் கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் காரணமில்லாமல் மாத்திரையை விடுகிறவர் அபூர்வம். இது உங்கள் அத்தையின் கெட்ட குணமும் இல்லை. 2003-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, பணக்கார நாடுகளிலேயே நீண்டகால நோய்க்காரர்களில் மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்றது. ஆக, உங்கள் வீட்டில் நடப்பது ஊரில் பாதி வீட்டில் நடப்பது.

ஞாயிற்றுக்கிழமை விடுகிற அந்த ஒன்று எது என்று பார்த்தீர்களா? நான் பந்தயம் கட்டுவேன், அது இங்கே எல்லோரும் வாட்டர் டேப்லட் என்று சொல்கிற நீர் மாத்திரை, ஹைட்ரோகுளோரோதையசைடாக இருக்கும். ஞாயிறு என்றால் கோயில், கல்யாணம், யாராவது வீட்டுக் காரியம். மண்டபத்தில் நடு வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துகொண்டு அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போக எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? இதை ஆண் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். இதற்கு வழி இருக்கிறது. சீக்கிரம் எழுந்து அதைப் போட்டுக்கொண்டால், அவசரமெல்லாம் வீட்டிலேயே தீர்ந்துவிடும். இல்லை, வெளியே போகிற நாளில் திரும்பி வந்து மதியம் போடலாமா என்று அவருடைய மருந்தாளுநரிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளலாம். ராத்திரி மட்டும் வேண்டாம், தூக்கம் போய்விடும், இருட்டில் தடுக்கி விழவும் வாய்ப்பு. ஒரு மாத்திரையின் நேரத்தை ஆளுக்குத் தகுந்த மாதிரி நகர்த்திக் கொடுப்பது எங்கள் வேலையில் பெரிய பங்கு, ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் என்ன பிரச்சினை என்று யாராவது அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

புரட்டாசி விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கவலை அதிகம். திருச்சியில் பார்த்ததைவிட இங்கே புரட்டாசியை இறுக்கமாகப் பிடிப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். 1860-இல் ட்ரூரோ என்ற முதல் கப்பலில் இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் காலத்திலிருந்தே, தமிழ்ப் பேச்சு தேய்ந்து போன வீடுகளில்கூட, அந்த மாதம் முழுக்க அடுப்பில் கறி ஏறாது. அதில் தப்பே இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்துகொண்டு கிளிமெபிரைட் மாதிரியான சுகர் மாத்திரையை வழக்கம்போலக் காலையில் போட்டால், அது வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்கச் சொல்லிவிடும். சுகர் தரைமட்டத்துக்கு இறங்கும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல், பிறகு மயக்கம். இன்னொரு சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆகவே "விரதத்தில் மாத்திரை சாப்பிடலாமா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஏழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில். உங்கள் அத்தை பாதியை நிறுத்தியது கிட்டத்தட்டச் சரியான உள்ளுணர்வு, ஆனால் எந்தப் பாதி? பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிளிமெபிரைடை விடாமல் போட்டிருந்தால் தலைகீழாகச் செய்திருக்கிறார். ஆவணி முடிவதற்குள் வந்தால் டாக்டரிடம் பேசி, மாத்திரையைச் சாயங்காலச் சாப்பாட்டுக்கு மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி பார்க்கலாம்.

அளவு சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது, நீங்கள் ஊரிலிருந்து வந்தவர் என்பதால் சொல்கிறேன். அங்கே சுகர் 140 என்போம், இங்கே மீட்டர் 7.8 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான். இங்கே உள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். மீட்டர் 4-க்குக் கீழே காட்டினால் அது தாழ்வு. நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள், விரதத்தைப் பெருமாள் மன்னித்துக்கொள்வார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

விரதத்தில் இன்னொரு சங்கதி உண்டு. என்னிடம் வருகிற ஒரு ஆன்ட்டி, வருஷம் முழுக்க வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் கேப்ஸ்யூல் சாப்பிடுகிறவர், புரட்டாசி வந்தால் மட்டும் எரிச்சலோடு அலைவார். நானும் இரண்டு வருஷம் காரத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருஷம்தான் கவுன்ட்டரில் ஓரமாகச் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: அந்தக் கேப்ஸ்யூல் கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்ததாமே, என் பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள். பேத்தி சொன்னது பொய்யில்லை. ஜெலட்டின் என்பது பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. அந்தம்மாவுக்கு நான் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை, கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையை ஒரு ஸ்பூன் தயிரில் போட்டு, கடிக்காமல் விழுங்கலாம் என்று காட்டிக் கொடுத்தேன், கூடு குப்பைக்கு. எல்லாக் கேப்ஸ்யூலையும் இப்படித் திறக்க முடியாது, சிலதைத் திறக்கவே கூடாது, அதனால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. அவர் இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்தார், நானும் இரண்டு வருஷம் கேட்காமல் இருந்தேன்.

நிறம் மாறிய மாத்திரை. இது உங்கள் அத்தையின் குற்றமே அல்ல, கொடுத்தவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. அரசாங்கம் மருந்தை டெண்டர் விட்டு வாங்குகிறது, ஒப்பந்தம் கைமாறினால் அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வேறு நிறத்தில், வேறு வடிவத்தில், வேறு டப்பாவில் வரும். தனியார் கெமிஸ்ட்டிலும் அதே மருந்தின் விலை குறைந்த வகையான ஜெனரிக்குக்கு மாற்றுவது உண்டு. அதற்கு இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது: மருந்துச் சட்டத்தின் 22எஃப் பிரிவுப்படி, மலிவான ஜெனரிக் இருக்கிறது என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அத்தைக்குக் கால் வீங்கியதை வைத்துப் பார்த்தால் இரட்டிப்பானது அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை என்று ஊகிக்கிறேன், அதற்குக் கணுக்காலில் நீர் கோர்க்கிற குணம் உண்டு. டப்பாவைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வீக்கம் இன்னும் வடியவில்லை என்றாலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ எனக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். இனிமேல் கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், அது பெரிய எழுத்தில் பளபளப்பாக இருக்கும். அதன் அருகிலோ கீழேயோ சின்ன எழுத்தில் மருந்தின் நிஜப் பெயர் இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டு டப்பாவில் அதே சின்னப் பெயர் இருந்தால் இரண்டும் ஒரே மருந்து.

லேபிளைப் பற்றிச் சொல்லும்போது என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தாவுக்கு "நாளைக்கு ரெண்டு தாத்தா" என்று சொல்லி டப்பாவைக் கொடுத்துவிட்டேன், லேபிளிலும் அப்படியே. அவர் காலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார், அதில் என்ன பிழை? நான் சொன்னதைத்தான் செய்தார். ஒரு மாதம் கழித்து வந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து "காலைச் சாப்பாட்டோடு ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று" என்றுதான் எழுதுகிறேன், அப்புறம் "புரிந்ததா?" என்று கேட்பதே இல்லை. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், பின்னால் வரிசை நிற்கிறது இல்லையா. அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போனதும் மருமகள் கேட்டால் இதை எப்படிச் சாப்பிடணும் என்று சொல்வீர்கள்?" என்று கேட்கிறேன். அவர் சொல்லச் சொல்லத் தெரிந்துவிடும், நான் ஒழுங்காகச் சொன்னேனா இல்லையா என்று. தப்பாகச் சொன்னால் பிழை என்னுடையது, மறுபடி சொல்கிறேன்.

பொட்டலத்தை நீட்டுவதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். வலித்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. நோய் கட்டுக்குள் இருக்கிறவர்கள் கிளினிக் வரிசையில் நாள் முழுக்க நிற்க வேண்டாம் என்று 2014-இல் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள், பெயர் ஒட்டிய பார்சல் பக்கத்துக் கெமிஸ்ட்டுக்கே வந்துவிடும், எஸ்எம்எஸ் வந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம். டப்லாப் மெட்ஸ் என்று இப்போது சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ பேருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் பார்சல் மூடியே வருகிறது, மூடியே போகிறது, நடுவில் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்காக வாய் திறக்கக் கூடாது என்று சட்டமில்லை. பார்சலை அங்கேயே பிரித்து, "இதில் ஏதாவது மாறியிருக்கிறதா பாருங்கள்" என்று மருந்தாளுநரைக் கேட்கலாம். கவுன்ட்டரில் நின்று பேசக் கூச்சமாக இருந்தால், "ஓரமாக ஐந்து நிமிஷம் பேசணும்" என்று சொல்லுங்கள். மாதக் கடைசியிலும் உதவித்தொகை விழுகிற நாட்களிலும் போகாதீர்கள், அன்று எங்களுக்கே தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. செவ்வாய், புதன் மதியம் போனால் உட்கார வைத்துப் பேசுவோம்.

போகும்போது வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். எல்லாம் என்றால் எல்லாமும்தான்: பழைய டப்பா, பாதி தீர்ந்த அட்டை, பக்கத்து வீட்டு ஆயா "எனக்கு நல்லாக் கேட்டுது" என்று கொடுத்த ரெண்டு மாத்திரை, சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கிய பாகற்காய்ப் பொடி, வெந்தயத் தூள், முட்டிவலிக்குக் கடையில் வாங்குகிற இபுப்ரோஃபென், தலைவலித் தூள். கடைசி இரண்டும் முக்கியம். என்னலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, இபுப்ரோஃபென் மாதிரியான வலி மருந்து மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும், அதுவும் சுகர்காரர் வயசில், டர்பன் பிப்ரவரி வெயிலில், கேட்கவே வேண்டாம். அத்தைக்கு இதெல்லாம் மருந்து என்றே தோன்றாது, அதனால் டாக்டரிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்.

மேஜையில் கொட்டிப் பார்த்தால் எங்களுக்கு நிறையத் தெரியும். எது எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணினாலே கதை வந்துவிடும்: இருக்க வேண்டியது எட்டு, இருப்பது நாற்பது என்றால் அந்த மாத்திரையோடுதான் அவருக்குச் சண்டை. ஏன் சண்டை என்பதை மெதுவாகக் கேட்போம். மெட்ஃபார்மினால் வயிறு கலங்குகிறதா, சாப்பாட்டுக்கு நடுவில் போட்டால் சரியாகலாம், மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றச் சொல்லி டாக்டரைக் கேட்கலாம். (அந்த வகையின் காலிக்கூடு சில சமயம் மலத்தில் முழுசாக வரும், மருந்து கரையவே இல்லை என்று பயந்து நிறுத்திவிட்ட ஒருவரைத் தெரியும். மருந்து இறங்கிவிட்டது, வெளியே வருவது வெறும் ஓடு.) ராத்திரி வறட்டு இருமலா? அது என்னலாப்ரிலின் வேலையாக இருக்கலாம், இருமல் மருந்து வாங்கிக் குடித்தால் போகாது, லோசார்டான் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினால் போகும். இப்படி மாற்றச் சொல்லி டாக்டருக்கு நாங்களே போன் செய்வோம், குறிப்பு எழுதியும் கொடுப்போம். நாங்களாக மாற்ற முடியாது, ஆனால் எதை ஏன் மாற்றலாம் என்று எடுத்துச் சொல்ல முடியும், பல டாக்டர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் கேட்பதில்லை, அது வேறு கதை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நாள்வாரியாக அறை போட்ட மாத்திரைப் பெட்டி. பல பேர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பெட்டி மறதிக்கு மருந்து, மனசு ஒப்பாததற்கு மருந்து இல்லை. வாங்கினால் வாரா வாரம் அத்தையே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அட்டையிலிருந்து பிரித்தால் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகிற மாத்திரைகள் உண்டு, எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைச் சமையலறை ஜன்னலிலும் குளியலறையிலும் வைக்காதீர்கள், இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு மாத்திரை தாங்காது. ஒரு வேளை தவறிவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரண்டாகச் சேர்த்து மட்டும் போடக் கூடாது. ஞாபகம் வந்ததும் போடுகிற இந்த வழி கிளிமெபிரைடுக்குப் பொருந்தாது, சாப்பாடு இல்லாத நேரத்தில் அதை ஈடுகட்ட நினைக்கவே வேண்டாம்.

பின்னாளில் இன்சுலினுக்குப் போக வேண்டி வந்தால் அதையும் இப்போதே காதில் போட்டு வைக்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் கரன்ட் போவதைச் சொல்லிச் சொல்லி இன்சுலினே வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். லோட்ஷெடிங்கில் இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விட்டாலே போதும். பிரித்துப் பயன்படுத்துகிற பேனாவை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வெளியே வைக்கலாம், பெரும்பாலானவை நாலு வாரம் தாங்கும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

பையைச் சேகரிக்கும்போது படுக்கையறை டிராயரையும், பழைய பிஸ்கட் டின்னையும், அவர் கோயிலுக்கு எடுத்துப் போகிற கைப்பையையும் விடாதீர்கள், ஆனால் அவரைக் கேட்டுவிட்டு, அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்பதற்கு அவரே பதில் சொல்லட்டும். "இல்லை அத்தை, நேற்று நீங்கள் அதைச் சாப்பிடவே இல்லை" என்று நடுவில் நீங்கள் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.